தகடு வளைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலி பேட்டைப் பக்கத்துப் பட்டறைகளில் பிரஸ் பிரேக்கில் (தகட்டை அழுத்தி மடிக்கும் இயந்திரம்) மடித்த தகடு கீறல் விட்டால், பழி முதலில் இயந்திரத்தின் மீதும் அடுத்துத் தகடு விற்ற கடையின் மீதும் விழும். நான் பார்த்தவரை, பெரும்பாலான தவறுகள் பெடலை மிதிப்பதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்.

பெரிய தவறு டையின் (தகட்டுக்கு அடியில் இருக்கும், வி வடிவப் பள்ளமுள்ள அச்சு) வாய் அகலத்தில் இருக்கிறது. எம்.எஸ். (மென் எஃகு) தகட்டைச் சூடாக்காமல் 90 டிகிரிக்கு மடிக்கும்போது, கீழே உள்ள வி-டையின் வாய் தகட்டின் கனத்தைப் போல் ஏறத்தாழ 8 மடங்கு இருக்க வேண்டும். 3 மி.மீ. தகட்டுக்கு 24 மி.மீ. வாய் வைத்தால், ஒரு மீட்டர் நீளத்தை மடிக்கச் சுமார் 22 டன் விசை போதும். வளைவின் உள் ஆரமும் 4 மி.மீ. அளவில் அமையும். மூலை கூர்மையாக வரட்டும் என்று 12 மி.மீ. வாய்க்கு மாறினால் விசை 45 டன்னைத் தொடும், உள் ஆரம் தகட்டின் கனத்தைவிடக் குறையும், வெளிப்பக்கம் தாங்கும் எல்லைக்கு மேல் இழுபடும். வளைவின் மேல் நகத்தை ஓட்டினால் தட்டுப்படும் சொரசொரப்புதான் கீறலின் தொடக்கம். ஜி.ஐ. தகட்டில் அந்த இடத்தில் துத்தநாகப் பூச்சு உரிந்துவிடும். உவரி, இடிந்தகரை போன்ற கடலோர ஊர்களுக்குப் போகும் வேலையென்றால், உப்புக்காற்றில் துரு அங்கிருந்தே கிளம்பும்.

அடுத்தது உருட்டுத் திசை. தகட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால், ஆலையில் உருளைகள் இழுத்த திசையில் மெல்லிய கோடுகள் தெரியும். பனங்கட்டை நார் போன போக்கில் எளிதில் பிளப்பதைப் போல, மடிப்புக் கோடு அக்கோடுகளுக்கு இணையாக அமைந்தால் தகடு எளிதில் கீறும். குறுக்காக அமைவதே பாதுகாப்பு. தகட்டை மிச்சம் பிடிப்பதற்காகத் துண்டுகளைத் திருப்பித் திருப்பி வெட்டிய ஒரு வேலையில், கீறிய தாங்கிகள் அத்தனையும் திருப்பி வெட்டியவையாக இருந்ததை நானே பிரித்து அடுக்கிப் பார்த்திருக்கிறேன். (மிச்சம் பிடித்த தகட்டின் விலை அன்றைய தேநீர்ச் செலவுக்குக்கூடக் காணாது.) வெட்டு விளிம்பின் பிசிறை வளைவின் உட்பக்கம் வைப்பதும் இதோடு சேர்ந்த பழக்கமாக இருக்க வேண்டும்.

வெளி அளவுகளைக் கூட்டித் தகட்டை வெட்டுவது புதியவர்கள் செய்வது. 3 மி.மீ. தகட்டில் வெளி அளவு 50-க்கு 50 என ஒரு எல் கோணம் வேண்டுமானால், 100 மி.மீ. வெட்டக் கூடாது, 4 மி.மீ. உள் ஆரத்துக்குச் சுமார் 94.3 மி.மீ. போதும். அழுத்தம் விலகியதும் தகடு சற்று விரிவதையும் கணக்கில் கொள்ள வேண்டும். எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) தகடு எம்.எஸ்.ஸை விட அதிகமாக விரிவதால், அதே தகட்டில் ஒரு துண்டை மடித்து, கோணம் பார்த்த பிறகே மற்றவற்றைத் தொட வேண்டும்.

நீள மடிப்பில் இரு முனைகளும் சரியாக இருந்து நடுவில் மட்டும் கோணம் விரிந்திருந்தால், சுமையில் இயந்திரத்தின் பீம் (குறுக்குச் சட்டம்) வளைகிறது என்று பொருள்; டைக்கு அடியில் நடுவே ஷிம் (மெல்லிய தகட்டுத் துண்டு) கொடுக்க வேண்டும், விசையைக் கூட்டக் கூடாது. 24 மி.மீ. வாயில் 17 மி.மீ.க்குக் குறைந்த அகலமுள்ள விளிம்பை மடிக்க முயன்றால், விளிம்பு வாய்க்குள் சறுக்கி விழும். அதைத் தடுக்க விரலால் தாங்கிப் பிடிப்பதை எந்தப் பட்டறையிலும் அனுமதிக்கக் கூடாது.