பழைய காரில் டிஸ்க் பிரேக் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய கார் ஒன்றை வாங்கி, அதைத் தாங்களே பழுது பார்க்கப் பழகும் இளைஞர்கள் இப்போது அதிகம். அவர்கள் செய்த பிரேக் வேலையைச் சரிசெய்யும் வேலை என்னிடம் வருகிறது. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்காதே, சக்கரத்துக்குக் கட்டை வை என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரியும். வேலை முடிந்த அன்று எல்லாம் சரியாகத் தெரிந்து, மாதங்கள் கழித்துக் காசைப் பிடுங்கும் தவறுகளையே சொல்கிறேன்.

ஹப்பைச் சுத்தம் செய்யாமல் புதிய டிஸ்க்கை மாட்டுவது

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. கடலோரத்தில் வசிக்கும் ஒருவர் தரமான டிஸ்க்கும் (சக்கரத்தோடு சுற்றும் தட்டு), அதை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் பேடும் வாங்கித் தானே மாட்டினார். சில மாதங்கள் குறையில்லை. பிறகு 80 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் நடுங்கியது, பெடல் காலை உதைத்தது. “டிஸ்க் வளைந்துவிட்டது” என்று யாரோ சொல்ல, லேத்தில் கொடுத்துக் கடைந்தார். நடுக்கம் போனது, மறுபடியும் வந்தது. மறுபடியும் புதிய டிஸ்க் வாங்கினார். அதுவும் நடுங்கியது.

டிஸ்க்கைக் கழற்றி, அது உட்காரும் சக்கர மையமான ஹப்பின் முகத்தில் விரல் நகத்தை ஓட்டினேன். சக்கர நட்டு ஏறும் ஸ்டட் ஒன்றின் அடியில் நகம் தட்டியது. துரு அங்கே செதிலாக இறுகிப் போயிருந்தது. கம்பி பிரஷ்ஷும் கால் மணி நேரமும் போதுமாயிருந்த இடத்தில், இரண்டு முறை டிஸ்க்குக்கும் ஒரு முறை லேத்துக்கும் பணம் கொடுத்திருக்கிறார்.

நடப்பது இதுதான். ஹப்பின் மையத்திலிருந்து 60 மில்லிமீட்டர் தள்ளி 0.05 மில்லிமீட்டர் துரு இருந்தால், 120 மில்லிமீட்டரில் உள்ள டிஸ்க்கின் விளிம்பு ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் ஆடும். பிரேக்கைத் தொடாமல் ஓட்டும்போதும், ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேடில் உரசும். அந்த இடம் மெல்ல மெல்லத் தேயும். டிஸ்க்கின் தடிமன் இடத்துக்கு இடம் மாறிய பிறகே நடுக்கம் தொடங்குகிறது. வளைந்தது என்று என்னிடம் வரும் டிஸ்க்குகளில் பெரும்பாலானவை வளைந்தவை அல்ல, தடிமன் மாறியவை. ஹப்பைத் தொடாமல் டிஸ்க்கை மட்டும் கடைந்தால் அதே துருவின் மேல் மறுபடியும் உட்கார்ந்து அதே தேய்மானத்தைத் தொடங்கும்.

ஹப்பின் முகம், ஸ்டட்டுகளின் அடி, நடுவில் எழும்பி நிற்கும் வளையம் எல்லாவற்றையும் உலோகம் தெரியும்வரை தேயுங்கள். புதிய டிஸ்க்கின் மேலுள்ள துருத்தடுப்பு எண்ணெயை பிரேக் கிளீனரால் கழுவுங்கள். டிஸ்க்கை நட்டுகளால் இறுக்கி, விளிம்பிலிருந்து சற்று உள்ளே, ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துச் சுற்றுங்கள். பெரும்பாலான கார்களுக்கு இந்த ஆட்டம் 0.1 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். உங்கள் காரின் கையேட்டில் இன்னும் குறைவாகவும் இருக்கலாம். கூடினால் டிஸ்க்கை ஒரு துளை தள்ளி மாட்டி மறுபடி அளவெடுங்கள். அப்போதும் குறையாவிட்டால் ஹப்பையும் பேரிங்கையும் பாருங்கள். கடைசியில் சக்கர நட்டுகளை எதிரெதிராக, முறுக்கு விசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சினால் இறுக்குங்கள். காற்றழுத்தத்தில் நட்டு முறுக்கும் துப்பாக்கியால் கண்டபடி முறுக்கினால் இவ்வளவு பாடும் வீண்.

காலிபரை ஹோஸில் தொங்கவிடுவது

பேடுகளைப் பிடித்திருக்கும் காலிபரைக் கழற்றியதும், பிரேக் ஆயில் வரும் ஹோஸில் தொங்காதபடி கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள்.

ரப்பரை மண்ணெண்ணெயில் கழுவுவது

பட்டறைகளில் இன்னும் நடக்கிறது. மண்ணெண்ணெய், பெட்ரோல், சாதாரண கிரீஸ் மூன்றும் பிரேக் ரப்பரை ஊதவைக்கும். ஊதிய சீல், காலிபருக்குள் பேடைத் தள்ளும் பிஸ்டனைத் திரும்ப விடாது. பேட் உரசிக்கொண்டே ஓடிச் சக்கரம் கொதிக்கும். காலிபர் நகர்ந்து செல்லும் ஸ்லைடு பின்னுக்கு பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸைத்தான் பூச வேண்டும்.

இடது காலிபரை வலதில் மாட்டுவது

குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றும் பிளீடிங் நிப்பிள் மேல்பக்கம் இருக்க வேண்டும். கீழே இருந்தால் எவ்வளவு பம்ப் செய்தாலும் மேலே தங்கிய காற்று வெளியேறாது.

டாட் 5 ஊற்றுவது

டாட் என்பது பிரேக் ஆயிலின் வகையைக் குறிக்கும். எண் பெரிது என்பதற்காக டாட் 5 வாங்காதீர்கள். அது சிலிக்கான் வகை. டாட் 3, டாட் 4 ஆகியவற்றுடன் சேராது. டாட் 5.1 வேறு, அது சேரும்.

டிரம்மை டிஸ்க்காக மாற்றி, மாஸ்டர் சிலிண்டரை மறப்பது

பழைய அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்ற கார்கள் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்கோடு வந்தவை. முன்பக்கம் டிஸ்க் போடுவது நல்ல முடிவுதான். ஆனால் பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். டிரம்முக்கென்று செய்த மாஸ்டர் சிலிண்டர் பலவற்றில், பெடலை விட்ட பிறகும் குழாயில் சிறிது அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வால்வு உண்டு. டிரம்முக்கு அது நல்லது. டிஸ்க்கில் பேட் விலகாமல் ஒட்டிக்கொண்டே இருக்கும். மேலும், காலிபர் பிஸ்டன் பெரியது. அதிக ஆயில் கேட்கும். பழைய சிலிண்டரின் விட்டம் போதாவிட்டால் பெடல் தரைவரை இறங்கும். காலிபர் வாங்கும் முன்பே இந்த இரண்டையும் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

புதிய பேடைப் பழக்காமல் ஓட்டுவது

ஆளில்லாத சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை, சக்கரம் பூட்டாதபடி அழுத்திக் குறையுங்கள். சற்று ஓடவிட்டு மறுபடியும் அதையே பலமுறை செய்யுங்கள். சூடாக இருக்கும்போது காரை முழுவதும் நிறுத்திப் பெடலை மிதித்துக்கொண்டிருக்காதீர்கள். பேடின் பொருள் அந்த ஒரே இடத்தில் டிஸ்க்கில் ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரேக்கைத் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.