தோவாளைப் பூவைத் தொலைவிலிருந்து வீட்டுக்கு வரவழைப்பது எப்படி?

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் சாலையில், ஆரல்வாய்மொழிக்குச் சற்று முன்னதாக, மலையடிவாரத்தை ஒட்டித் தோவாளை என்ற சிற்றூர் இருக்கிறது. அதிகாலைப் பேருந்தில் கண்ணயர்ந்து வருபவர்களுக்கும் அந்த ஊர் வந்துவிட்டது என்பதை மணம் சொல்லிவிடும். கன்னியாகுமரி மாவட்டத்துக் கோவில்களுக்கும் கல்யாண வீடுகளுக்கும் வேண்டிய பூ பெரும்பாலும் இங்கிருந்துதான் போகிறது. எல்லை தாண்டித் திருவனந்தபுரத்துக்கும் போகிறது. விடிவதற்கு வெகுநேரம் முன்பே கூடும் சந்தை, வெயில் ஏறுவதற்குள் கலைந்துவிடும். இந்தப் பகுதியில் பெற்றோரையோ உறவினரையோ விட்டுவிட்டுச் சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடா நாடுகளிலும் வாழ்பவர்கள், பிறந்தநாளுக்கும் அறுபதாம் கல்யாணத்துக்கும் புதுமனை புகுவிழாவுக்கும் நல்ல பூவை உரிய நேரத்தில் ஊருக்குச் சேர்ப்பது எப்படி என்பதை, பூதப்பாண்டியில் இருக்கும் என் தாயாருக்குப் பல ஆண்டுகளாகப் பூ அனுப்பி வந்த பழக்கத்தைக் கொண்டு இங்கே எழுதுகிறேன்.

முதலில், இணையத்தில் படத்தைப் பார்த்துப் பூங்கொத்து வாங்கும் வழியை விட்டுவிடுங்கள் என்றே சொல்வேன். அப்படிப்பட்ட தளங்கள் பலவற்றுக்குச் சிற்றூர்களில் சொந்தக் கடை கிடையாது. நீங்கள் செலுத்தும் பணத்தில் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு, மீதித் தொகைக்கு அருகிலுள்ள நகரத்துக் கடை ஒன்றிடம் வேலையை ஒப்படைத்துவிடுவார்கள். பூவைக் கட்டுபவருக்கு நீங்கள் யார் என்பதும் தெரியாது, எந்த விசேஷம் என்பதும் தெரியாது. கைக்கு வந்த தொகைக்கு ஏற்ப எதையோ கட்டி அனுப்புவார். என் தாயாரின் எழுபதாவது பிறந்தநாளுக்கு அப்படித்தான் ஒரு தளத்தில் பணம் கட்டினேன். காலையில் வரவேண்டிய பூ பிற்பகல் மூன்று மணிக்கு வந்தது. கண்ணாடித்தாள் சுற்றிய ஆறு ஜெர்பரா பூக்கள், தண்டு துவண்ட நிலையில் வந்து சேர்ந்தன. தலையிலும் வைக்க முடியாமல் சாமி படத்துக்கும் சாத்த முடியாமல், அம்மா அவற்றை ஒரு செம்பில் நிறுத்தி வைத்துவிட்டு, 'பூ வந்துவிட்டது, நன்றாக இருக்கிறது' என்று தொலைபேசியில் சொன்னார். அன்றிலிருந்து, பூவைக் கட்டும் கையோடு நேரடியாகப் பேசாமல் நான் எதையும் அனுப்புவதில்லை.

அந்தக் கையைக் கண்டுபிடிப்பது கடினமான காரியம் அல்ல. உங்கள் வீட்டுக்கு வாடிக்கையாகப் பூ கொடுப்பவர் யார் என்று வீட்டிலேயே கேளுங்கள். அவர் இல்லையென்றால், ஊர்க் கோவிலுக்கு மாலை கட்டிக் கொடுப்பவரையோ, கல்யாண மண்டபத்தைப் பார்த்துக்கொள்பவர் வழக்கமாக அழைக்கும் பூக்கடைக்காரரையோ கேட்டு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். இவர்களில் பெரும்பாலோர் தினமும் விடியற்காலையில் தோவாளைச் சந்தைக்குப் போய்த் திரும்புபவர்கள். முதல் முறை பேசும்போதே அண்ணாச்சி என்றோ அக்கா என்றோ அழைத்து, இன்னார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லி அறிமுகப்படுத்திக்கொண்டால், அடுத்த முறையிலிருந்து உங்கள் குரலே முகவரியாகிவிடும்.

பேசுவதற்கு முன், பூவின் பெயரை ஊர் வழக்கப்படி தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. சென்னையில் ஜாதிமல்லி என்பதை இங்கே பிச்சி என்பார்கள். குண்டுமல்லி வேண்டுமானால் மல்லிகை என்று கேட்டால் போதும். துலுக்கச் சாமந்தியைக் கேந்தி அல்லது கிரேந்தி என்றும், சாமந்தியைச் செவ்வந்தி என்றும், மரிக்கொழுந்தைக் கொழுந்து என்றும் சொல்வது வழக்கம். 'சாமந்தி வேண்டும்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கேந்தி மாலை வந்துவிட்டதே என்று பிறகு வருந்துவதில் பயன் இல்லை.

அடுத்தது நேரம். பூ அனுப்புவதில் எல்லாவற்றையும்விட நேரத்தையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். மல்லிகையையும் பிச்சியையும் மொட்டாகவே அதிகாலையில் பறித்துவிடுகிறார்கள். அவை மாலையில்தான் இதழ் விரிந்து மணக்கத் தொடங்கும். மழை மூட்டத்தால் பொழுது தெரியாத நாளில், தட்டில் இட்ட பித்திக மொட்டுகள் விரிவதைக் கண்டு மாலை வந்ததை உணர்ந்து பெண்கள் விளக்கேற்றியதாகச் சங்கப் பாட்டு ஒன்று சொல்கிறது; பித்திகம் என்பது இந்தப் பிச்சியே என்பர். ஆகவே, மாலை ஆறு மணிக்கு வரவேற்பு என்றால், அன்று காலைச் சந்தையில் வாங்கிய மொட்டைக் கட்டிப் பிற்பகலுக்குள் வீட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். சபை நிறையும் நேரத்தில் பூவும் விரியும். காலை ஆறு மணிக்கு முகூர்த்தம் என்றால் மொட்டு மொட்டாகத்தான் இருக்கும் என்பதை ஏற்றுக்கொண்டு, மணத்துக்குக் கொழுந்தையும், நிறத்துக்கு ரோஜாவையோ கனகாம்பரத்தையோ இடையிடையே வைத்துக் கட்டச் சொல்லலாம். முந்தைய நாள் கட்டி வைத்த சரத்தைக் காலையில் கொடுத்தால், அது ஏற்கெனவே விரிந்து நடுப்பகலுக்குள் பழுப்பேறத் தொடங்கிவிடும்.

அளவைச் சொல்வதிலும் கவனம் வேண்டும். முழம் என்பது முழங்கையிலிருந்து விரல்நுனி வரை உள்ள நீளம். அது அளப்பவரின் கையைப் பொறுத்தது. நீளம் சரியாகவே இருந்தாலும், நெருக்கமாகக் கட்டிய ஒரு முழத்தில் இருக்கும் பூ, இடைவெளி விட்டுக் கட்டிய ஒரு முழத்தில் இருக்காது. தொலைவிலிருந்து கேட்பவர்கள் முழக்கணக்கை விட்டு, 'அரைக் கிலோ பிச்சி வாங்கி நெருக்கமாகக் கட்டித் தாருங்கள், கட்டுக்கூலி தனியாகத் தருகிறேன்' என்று எடைக்கணக்கில் சொன்னால் இரு தரப்புக்கும் சங்கடம் இல்லை. நூலில் கட்டாமல் வாழைநாரில் கட்டச் சொல்லுங்கள். நனைத்த நார் காம்பை அறுக்காமல் பிடித்துக்கொள்ளும். ஈரத்தையும் சிறிது நேரம் வைத்திருக்கும். பொதியை வாழையிலையில் சுற்றச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பைக்குள் அடைத்த பூ புழுங்கி, வீடு சேர்வதற்குள் நிறம் மாறிவிடும்.

விலையை முன்கூட்டியே உறுதியாகச் சொல்லும்படி கடைக்காரரை வற்புறுத்தாதீர்கள். அவருக்கே அது விடியற்காலைச் சந்தையில்தான் தெரியும். கிலோ சில நூறு ரூபாய்க்கு விற்கும் மல்லிகை, அடுத்தடுத்து முகூர்த்தங்கள் வரும்போது ஆயிரத்தைத் தாண்டுவது வழக்கம். மார்கழி, தை மாதப் பனியில் மொட்டு வரத்துக் குறைந்து விலை இன்னும் ஏறும். பங்குனி, சித்திரையில் வரத்துப் பெருகி இறங்கும். ஆவணியில் ஓணத்துக்கு முந்தைய பத்து நாள்களில், அத்தப்பூக்களத்துக்காகக் கேரள வியாபாரிகள் கேந்தி, வாடாமல்லி, அரளி, கோழிப்பூ ஆகியவற்றை மொத்தமாக வாங்கிச் செல்வதால், அந்த நாள்களில் நிறப்பூக்களை நம்பிப் பெரிய மாலைக்குச் சொல்வது சிரமம். எனவே, 'இந்தத் தொகைக்கு மேல் போகவேண்டாம். மல்லிகை மிக அதிக விலையாக இருந்தால் பாதியைச் சம்பங்கியாக வாங்கிக்கொள்ளுங்கள்' என்று வரம்பையும் மாற்றையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். தண்டோடு கூடிய ரோஜாவும் ஜெர்பராவும் கிறிஸ்தவத் திருமணங்களுக்கு வேண்டியிருக்கும். அவை பெரும்பாலும் ஓசூர், பெங்களூர்ப் பக்கத்திலிருந்து வருபவை என்பதால், இரண்டு நாள் முன்னதாகவே சொல்லவேண்டும். மற்றவற்றுக்கு முந்தைய நாள் மாலைக்குள் சொன்னால் போதுமானது.

தோவாளைக்கே உரிய ஒன்றைக் கேட்டு வாங்க விரும்புபவர்கள் மாணிக்க மாலைக்குச் சொல்லலாம். 2025ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற இந்த மாலை, பார்ப்பதற்கு மாலையைவிடப் பாயின் பின்னலையே அதிகம் ஒத்திருக்கும். சிவப்பும் வெள்ளையுமான அரளிப் பூக்களை ஒவ்வொன்றாக மடித்துச் சதுர வடிவுக்குக் கொண்டுவந்து, பச்சைக்கு நொச்சி இலையை இடையில் வைத்து, வரிசை வரிசையாகத் தட்டையாகக் கோப்பார்கள். ஒரு வரிசையில் ஒரு மடிப்புத் தளர்ந்தாலும் அடுத்த வரிசை கோணிக்கொள்ளும் என்பதால் அவசரப்படுத்திச் செய்விக்கக்கூடிய வேலை அல்ல. குறைந்தது மூன்று நாள் முன்னதாகச் சொல்லி, நீளத்தையும், மனிதருக்கா சுவாமிக்கா என்பதையும் தெளிவாக்கிவிடுங்கள். ஓர் எச்சரிக்கையும் உண்டு. அரளி நச்சுச் செடி. விசேஷம் முடிந்ததும் அந்த மாலையைக் குழந்தைகளின் கைக்கு எட்டும்படி விட்டுவைக்கவும் கூடாது, மாட்டுக்குப் போடவும் கூடாது. வாங்கிக் கொடுப்பவர் இதை வீட்டாரிடம் சொல்லிவைப்பது கடமை.

முகவரியை எழுதும்போது கதவு எண்ணை மட்டும் நம்பாதீர்கள். சிற்றூரில் வீட்டை அடையாளம் காட்டுவது தெருவும் கோவிலும் பெரியவர் பெயரும்தான். நான் வாட்ஸ்அப்பில் அனுப்பும் செய்தி ஏறக்குறைய இப்படி இருக்கும்: 'அண்ணாச்சி, வணக்கம். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் அம்மா வீட்டுக்குப் பூ வேண்டும். பிச்சி அரைக் கிலோ, நெருக்கமாக நாரில் கட்டியது. சாமி படத்துக்கு இரண்டடி நீளத்தில் ஒரு செவ்வந்தி மாலை. உதிரிப்பூவாக ரோஜா ஒரு பாக்கெட். வீடு, பூதலிங்கசுவாமி கோவிலிலிருந்து ஆற்றுக்குப் போகும் வழியில், திண்ணை வைத்த ஓட்டு வீடு. அம்மா எடுக்காவிட்டால் அடுத்த வீட்டு அக்காவின் எண்ணுக்குக் கூப்பிடுங்கள். மொத்தம் எவ்வளவு என்று காலையில் சொல்லுங்கள்; பாதியை இப்போதே ஜிபேயில் போடுகிறேன்.' நாள், நேரம், பூ, அளவு, வழி, மாற்று எண், பணம் ஆகிய ஏழும் ஒரே செய்தியில் இருப்பதால், கடைக்காரர் சந்தையில் நின்றுகொண்டே அதைத் திறந்து பார்த்து வாங்கிவிடுவார். கடையில் ஆள் இல்லாத நாளில் பொதியைப் பேருந்தில் ஏற்றிவிடுவதாகச் சொன்னால், வண்டி புறப்பட்ட நேரத்தைக் கேட்டு வாங்கி, நிறுத்தத்தில் எடுத்துக்கொள்ள ஒருவரை ஏற்பாடு செய்துவிடுங்கள்.

துக்க வீட்டுக்கு அனுப்புவதாயிருந்தால், அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லவேண்டும். ரோஜா மாலை என்று மட்டும் சொன்னால், ஜரிகை சுற்றிக் குஞ்சம் வைத்த கல்யாண மாலையைக் கட்டிவிட வாய்ப்பு உண்டு. அந்த வீட்டு வாசலில் அது எவ்வளவு வேதனையைத் தரும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. எடுக்கும் நேரத்தையும் கேட்டுத் தெரிந்து, அதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகச் சேர்க்கச் சொல்லுங்கள். இத்தகைய வேளையில் விலையையும் பூவையும் கடைக்காரரின் முடிவுக்கே விட்டுவிடுவது நல்லது.

குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மழையில் நனைந்த மொட்டு எடை கூடி நிற்கும். விரியாமலே அழுகுவதும் உண்டு. ஆனி, ஆடியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் மல்லிகையைக் குறைத்துச் செவ்வந்தியையும் சம்பங்கியையும் கூட்டிக்கொள்வது என் வழக்கம்.

பூ வந்தவுடன் வீட்டில் செய்யவேண்டியதையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இலையைப் பிரித்து, தண்ணீரை அள்ளித் தெளிக்காமல், நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் மூடி நிழலில் வைத்தால் போதும். குளிர்பதனப் பெட்டியில் வைப்பதானால் மூடிய பாத்திரத்தில் வைக்கவேண்டும். பனிக்கட்டி அறையில் வைத்தால் மொட்டுக் கருகிவிடும். பிரித்த உடனே ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். குறை இருந்தால் அன்றே, அந்தப் படத்தோடு, கடைக்காரரிடம் பக்குவமாகச் சொல்லிவிடலாம். குறை இல்லையென்றால் அந்தப் படத்தை அவருக்கும் அனுப்பி, மீதிப் பணத்தை அன்று இரவுக்குள் செலுத்திவிடுங்கள். மறுநாள் விடியற்காலையில் அவருக்குச் சந்தையில் கைம்முதலாக அந்தப் பணம் வேண்டியிருக்கும்.