குட்டி நீராவி என்ஜினுக்குக் குண்டு வடிகால் வால்வு

குட்டி நீராவி ரயில் என்ஜின் செய்பவர்கள் சிலிண்டரில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் வடிகால் வால்வை அலங்காரம் என்று விட்டுவிட வேண்டாம். குளிர்ந்த சிலிண்டருக்குள் போகும் நீராவி உடனே தண்ணீராகிவிடும். தண்ணீர் அமுங்காது, பிஸ்டன் அதை நெருக்கினால் சிலிண்டர் மூடி உடையும், இல்லாவிட்டால் பிஸ்டனின் அசைவைச் சக்கரத்துக்குக் கடத்தும் கனெக்டிங் ராட் வளையும். சிலிண்டருக்கு நீராவியை விடும் வால்வு தட்டையான ஸ்லைடு வால்வாக இருந்தாலாவது சற்று எழும்பித் தண்ணீருக்கு வழிவிடும். உருளை வடிவப் பிஸ்டன் வால்வு அதையும் செய்யாது.

செய்ய எளிதானது, ஒரு சிறு எஃகு உருண்டை துளையை அடைக்கும் குண்டு வால்வுதான். ஒவ்வொரு சிலிண்டரின் இரு முனையிலும், அடிப்பக்கத்தில் ஒவ்வொன்று. 3 மில்லிமீட்டர் குண்டுக்கு 2 மில்லிமீட்டர் துளை போதும். துளையை ரீமரால் (துளையைச் சரியான அளவுக்கு வழவழப்பாக்கும் கருவி) முடித்து, ஒரு குண்டை வைத்து, பித்தளைக் கம்பி வழியாகச் சுத்தியலால் ஒரே தட்டு. விளிம்பில் மெல்லிய வளையம் மின்னினால் சரி. அப்புறம் புதுக் குண்டைப் போடுங்கள். நீராவியே குண்டை அழுத்தி மூடும். கீழிருந்து ஊசி தள்ளினால் திறக்கும்.

குண்டு துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். கொழும்பு பழைய சோனகத் தெருவில் வாங்கும்போது காந்தத்தை நம்ப வேண்டாம், அந்த எஃகிலும் காந்தம் ஒட்டும் வகை உண்டு. ஒன்றை இரவு முழுக்க உப்புத்தண்ணீரில் போட்டுப் பாருங்கள்.

புறப்படும்போது வால்வைத் திறந்து, நீராவியைத் திறந்துவிடும் ரெகுலேட்டரைக் கொஞ்சமாகத் திருப்பி, முன்னும் பின்னும் மெதுவாக நகர்த்துங்கள். தண்ணீர் தெறிப்பது நின்று வெறும் நீராவி வந்ததும் மூடலாம். வடிகால் குழாயின் வாயைப் பிள்ளைகள் நிற்கும் பக்கம் திருப்பாதீர்கள்.

ஓட்டம் முடிந்தபின் வால்வைத் திறந்தே விடுங்கள். கொழும்புக் கடற்காற்றில் வார்ப்பிரும்பு சிலிண்டர் சீக்கிரம் துருப்பிடிக்கும். சூடு ஆறுமுன் எண்ணெய் விட்டுச் சக்கரத்தை உருட்டிவிடுங்கள்.