மொத்த இலாபத்தை ஆண்டுகளால் வகுக்காதீர்கள்: கூட்டு வட்டிக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கூட்டு வட்டிக்கான சூத்திரத்தை மனப்பாடம் செய்வதில் யாருக்கும் சிரமம் இருப்பதில்லை. அதற்குள் எந்த எண்ணை இடுவது என்பதில்தான் சறுக்கல் நேர்கிறது. என்னிடம் கணக்குக் கற்க வருவோர், நான் கற்ற காலத்தில் தடுமாறிய அதே இடங்களில் தடுமாறுவதைப் பார்த்துப் பார்த்தே இதை எழுதுகிறேன். சதவீதத்தை 100-ஆல் வகுக்க மறப்பது போன்ற பிழைகளை விட்டுவிடுகிறேன். வரும் விடையின் அளவே அவற்றைக் காட்டிக்கொடுத்துவிடும். நம்பும்படியாக வந்து நிற்கும் தவறான விடைகளே ஆபத்தானவை.

மொத்த இலாபத்தை ஆண்டுகளால் வகுப்பது

இத்தனை காலமாகியும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். என்னிடம் பயின்ற ஒருவர், தமக்குத் தரப்பட்ட ஒரு திட்டத்தின் விளம்பரத் தாளைக் கொண்டுவந்து காட்டினார். போட்ட பணம் 15 ஆண்டுகளில் மும்மடங்காகும், அதாவது ஆண்டுக்கு 13.33 சதவீத வருவாய் என்று அதில் அச்சிட்டிருந்தது. மும்மடங்கு என்றால் இலாபம் 200 சதவீதம். அதை 15-ஆல் வகுத்தால் 13.33 வரும். வகுத்தலில் பிழையில்லை, ஆனால் அப்படி வகுத்துக் கிடைப்பது தனி வட்டி வீதம். அவரோ அதைக் கூட்டு வட்டிச் சூத்திரத்தில் இட்டு, 1,00,000 என்ற அசல் 15 ஆண்டுகளில் 6,53,000-ஐத் தாண்டும் என்று கணக்கிட்டு, பிள்ளையின் மேற்படிப்புச் செலவை அந்தத் தொகையை நம்பியே திட்டமிட்டிருந்தார். அதே தாள் மும்மடங்குதான் தருவதாகச் சொல்கிறது என்பதையும், தம் விடை ஆறரை மடங்கு காட்டுகிறது என்பதையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

சரியான வழி, இறுதித் தொகையை அசலால் வகுத்து, வரும் 3 என்ற எண்ணுக்கு 15-ஆம் படிமூலம் (15 முறை எழுதிப் பெருக்கினால் 3 தரும் எண்) கண்டு, அதிலிருந்து ஒன்றைக் கழிப்பது. விடை ஆண்டுக்கு 7.6 சதவீதம். இதை ஏற்க மனம் வராதவர்களை, ஆண்டுவாரியாக ஒரு அட்டவணை போடச் சொல்வேன். முதல் ஆண்டில் சேரும் வட்டி ஏறத்தாழ 7,599. பதினைந்தாம் ஆண்டில் சேர்வது ஏறத்தாழ 21,187. வீதம் மாறவில்லை, வட்டி பெறும் தொகைதான் பெருத்திருக்கிறது. வகுத்துக் கிடைத்த 13.33, சிறிய தொடக்க ஆண்டுகளையும் பெரிய இறுதி ஆண்டுகளையும் ஒன்றாகக் கலந்துவிட்ட எண். ஆகவே இரண்டு திட்டங்களை ஒப்பிடும்போது, ஒன்றின் வகுத்த வீதத்தை மற்றொன்றின் கூட்டு வட்டி வீதத்தோடு ஒருபோதும் எடைபோடக் கூடாது. 8 சதவீதக் கூட்டு வட்டி தரும் சாதாரண வைப்பைவிடக் குறைவாகவே தரும் அந்தத் திட்டத்தை, அந்தத் தாள் அதைக் காட்டிலும் வெகுவாக உயர்ந்ததாகக் காட்டியது.

தவணையாகக் கட்டும் சேமிப்பில் இதே வகுத்தல் எதிர்த்திசையில் ஏமாற்றும். ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 10,000 வீதம் 15 ஆண்டுகள் கட்டி, இறுதியில் 3,00,000 பெறுகிறோம் என்று கொள்வோம். கட்டியது 1,50,000, இலாபம் 100 சதவீதம், வகுத்தால் 6.67 வரும். ஆனால் கடைசித் தவணை ஓராண்டு மட்டுமே உள்ளே இருந்தது என்பதால், உண்மையான வீதம் ஏறத்தாழ 8.26. தவணை ஒவ்வொன்றும் எத்தனை ஆண்டு வட்டி ஈட்டியது என்று பார்க்காத எந்தக் கணக்கும் இங்கே செல்லாது.

ஏறிய ஆண்டையும் இறங்கிய ஆண்டையும் கூட்டிச் சராசரி எடுப்பது

முதல் ஆண்டு 50 சதவீதம் ஏற்றம், அடுத்த ஆண்டு 40 சதவீதம் இறக்கம் என்றால் சராசரி 5 சதவீத இலாபம் என்று சொல்லத் தோன்றும். 100 முதலில் 150 ஆகி, பிறகு 90 ஆகிவிட்டது. கையில் இருப்பது நட்டம். வீதங்களைக் கூட்டாதீர்கள், 1.5-ஐ 0.6-ஆல் பெருக்குங்கள்.

ஆண்டு முழுமைக்குமான வீதத்தை மீண்டும் 12-ஆல் வகுப்பது

ஆண்டுக்கு 12 சதவீதம், மாதந்தோறும் வட்டி சேரும் என்றால் மாத வீதம் 1 சதவீதம். ஆண்டு முடிவில் உண்மையில் கிடைப்பது 12.68 சதவீதம். இந்த 12.68-ஐ எங்காவது பார்த்துவிட்டு, அதையும் 12-ஆல் வகுத்து மாதக் கணக்குப் போடுவோர் பலர். 1,00,000-க்கு 5 ஆண்டுகளில் 1,81,670 வர வேண்டிய இடத்தில் ஏறத்தாழ 1,87,900 வரும். மாதச் சேர்க்கையின் பலனை இரண்டு முறை எண்ணிவிட்டார்கள். சொல்லப்படும் வீதம் எந்த வகையைச் சேர்ந்தது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடிக்கடி வட்டி சேர்ந்தால் அளவின்றி வளரும் என்று நம்புவது

சுவிட்சர்லாந்துக் கணித அறிஞர் யாக்கோபு பெர்னூலி 1683-லேயே இந்தக் கேள்வியை ஆராய்ந்தார். 100 சதவீத வட்டியை எத்தனை சிறு கூறுகளாகப் பிரித்துச் சேர்த்தாலும் ஓராண்டில் 2.7183 மடங்கைத் தாண்டாது. 12 சதவீதத்தில் மாதந்தோறும் சேர்வதற்கும் நாள்தோறும் சேர்வதற்கும் உள்ள வேறுபாடு 0.07 சதவீதப் புள்ளி மட்டுமே. அதற்காகக் கூடுதல் கட்டணம் தராதீர்கள்.

ஒரு சதவீதக் கட்டணத்தைச் சிறிதென எண்ணுவது

10 சதவீத வளர்ச்சியில் 30 ஆண்டுகளில் 17.45 மடங்கு, கட்டணம் போக எஞ்சும் 9 சதவீதத்தில் 13.27 மடங்கு.

72 விதியை எல்லா வீதங்களுக்கும் பயன்படுத்துவது

72-ஐ வட்டி வீதத்தால் வகுத்தால், பணம் இருமடங்காக எத்தனை ஆண்டு ஆகும் என்று தெரியும் என்பதே இந்த விதி. 8 சதவீதத்தை ஒட்டி மட்டும் இதை நம்பலாம். 24 சதவீதத்துக்கு அது 3 ஆண்டு என்கிறது, உண்மையில் 3.22 ஆண்டு ஆகும்.

இடையிலேயே தசமங்களை வெட்டுவது

ஆண்டுக்கு 7 சதவீதம் என்பதன் மாத வீதமாகிய 0.58333-ஐ 0.58 எனச் சுருக்கினால், 1,00,000-க்கு 20 ஆண்டுகளில் ஏறத்தாழ 3,200 குறைந்துவிடும். விடை கிடைத்த பிறகு மட்டும் வெட்டுங்கள்.