ஜீவனாம்ச உத்தரவை ரத்து செய்தது எப்படி? – என் அனுபவம்

பரஸ்பர சம்மத விவாகரத்தின்போது மாதாமாதம் ஜீவனாம்சம் தர ஒப்புக்கொண்டேன். குடும்பநல நீதிமன்றமும் அதை உத்தரவாகவே போட்டுவிட்டது. பிறகு எனக்கு வேலை போனது. முன்னாள் மனைவிக்கோ அரசு வேலை கிடைத்தது. "உங்களுக்குள்ள பேசி நிறுத்திக்கோங்கப்பா" என்றார் மாமா. வக்கீல் ஒத்துக்கொள்ளவில்லை. "கோர்ட் மாத்தாத வரைக்கும் பழைய உத்தரவுதான் சார். வாய்ப்பேச்சை நம்பி நிறுத்தினா நாளைக்கு பாக்கின்னு, அதை வசூலிக்க நிறைவேற்று மனு வரும்."

இந்து திருமணச் சட்டம் 1955, பிரிவு 25(2) இதற்கென்றே இருக்கிறது. இருவரில் யாருடைய சூழ்நிலை மாறினாலும், யார் கேட்டாலும், உத்தரவைத் திருத்தலாம், ரத்தும் செய்யலாம். அதே கோர்ட்டில் மனு போட்டோம். பழைய உத்தரவின் சான்றிட்ட நகல், ரிலீவிங் லெட்டர், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் இணைத்தோம்.

உயிரை வாங்கியது சொத்து, வருமானப் பிரமாணப் பத்திரம்தான். 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேகா வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கியது. வாடகை, இஎம்ஐ, அம்மாவின் சுகர் மாத்திரை வரை எழுதினேன். அவரும் தன் சம்பளத்தை ஒளிக்காமல் எழுதியிருந்தார். அதன்பின் வாதாட என்ன இருக்கிறது?

சமரச மையத்துக்கு அனுப்பினார்கள். தன் ஜீவனாம்சத்தை ரத்து செய்ய அவரே சம்மதித்துக் கையெழுத்திட்டார். மகளுக்கான தொகை பிரிவு 26-இல் வருவது, தனிக் கணக்கு. அதைக் குறைக்க நான் கேட்கவும் இல்லை.

புது உத்தரவு வரும்வரை, கைமாற்று வாங்கியாவது பழைய தொகையை பேங்க் வழியாகவே அனுப்பினேன். ரொக்கமாகக் கொடுத்தால் அத்தாட்சி ஏது?