கார்ல்ஸ்பாட் குகையில் பலரும் செய்யும் தவறுகள்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உள்ள கார்ல்ஸ்பாட் கேவர்ன்ஸ் தேசியப் பூங்காவுக்கு, குகையைக் கெடுக்க வேண்டும் என்று யாரும் போவதில்லை. ஆனாலும் அது கெடுகிறது. மழையும் வெயிலும் எட்டாத சுண்ணாம்புக்கல் குகையில் விழுந்த எதுவும் தானாகக் கழுவிக்கொண்டு போகாது.

முதல் தவறு, நொறுக்குத்தீனி. 2024-இல் 'பிக் ரூம்' என்ற பெருங்கூடத்தில் சோள நொறுக்குத்தீனிப் பாக்கெட் ஒன்று விழுந்துகிடந்தது. குகையின் ஈரத்தில் சோளம் ஊறிப் பூஞ்சை பூத்தது. அதைத் தின்னச் சுவர்க்கோழிகளும் உண்ணிகளும் சிலந்திகளும் ஈக்களும் கூடின. பக்கத்துப் பாறைகளிலும் பூஞ்சை ஏறியது. அதை அகற்ற ஊழியர்களுக்கு இருபது நிமிடம் பிடித்தது. உள்ளே வெறும் தண்ணீருக்கு மட்டுமே அனுமதி. மிட்டாய், சூயிங்கம்கூடக் கூடாது. சாப்பாட்டை மேலேயே முடித்துவிடுங்கள்.

அடுத்தது, தொடுவது. கூரையில் கசியும் நீரிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறும்போது கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம் படிந்துதான் கல்விழுதுகள் வளர்கின்றன. கையின் எண்ணெய்ப் பசை ஒட்டிய இடத்தில் நீர் சரியாகப் பரவாது, புதுப் படிவும் பிடிக்காது. அழுக்குதான் சேர்ந்து கறுக்கும். பிடிமானம் வேண்டுமென்றால் கைப்பிடிக் கம்பி இருக்கிறது. குழந்தைகளிடம் இதை உள்ளே போகும் முன்பே சொல்லிவிட வேண்டும். உடையிலிருந்து உதிரும் நூல்துகளும் முடியும்கூடப் பாறைகளில் சேர்கின்றன. தன்னார்வலர்கள் உட்கார்ந்து பொறுக்கி எடுக்கிறார்கள். ஆகவே நூல் உதிரும் கம்பளிச் சால்வையைத் தவிருங்கள். குட்டைகளில் காசு போடவே கூடாது. உலோகம் அரித்துக் கறையாகும், அந்த நீரின் நுண்ணுயிர்களும் பாதிக்கப்படும்.

வேறு குகைகளில் அணிந்த செருப்பு, உடை, பை, கேமரா எதையும் இங்கே கொண்டுவராதீர்கள். வௌவால்களைத் தாக்கும் வெண்மூக்கு நோய்ப் பூஞ்சை அவற்றில் ஒட்டிவரும். 2006-இல் நியூயார்க் மாநிலத்தில் முதலில் தெரியவந்த இந்த நோய், குளிர்கால உறக்கத்தைக் கலைத்து, சேமித்த கொழுப்பு கரைந்து வௌவால்கள் சாகக் காரணமாகிறது. வெளியேறும்போது விரித்திருக்கும் கிருமிநீக்க மிதியடியை ஒதுங்கிக் கடக்காமல், இரு பாதங்களையும் அதில் பதித்து நடங்கள். கோடை மாலையில் வௌவால்கள் கூட்டமாகப் பறந்து வெளியேறுவதைப் பார்க்கப் போனால், போனையும் கேமராவையும் அணைத்துப் பைக்குள் வையுங்கள். அங்கே மின்னணுக் கருவிகளுக்குத் தடை உண்டு.

வெளியே பாலைவன வெயில் என்று அரைக்கால்சட்டையோடு வந்து நடுங்குபவர்கள் பலர். உள்ளே ஆண்டு முழுதும் ஏறத்தாழ 13 டிகிரி செல்சியஸ். பாதை ஈரமாக இருக்கும், ரப்பர் அடிப்பாகமுள்ள ஷூ போடுங்கள். குழந்தைகளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோக முடியாது. இயற்கை நுழைவாயில் வழியாக நடந்தால் சுமார் 2 கிலோமீட்டரில் 230 மீட்டர் ஆழம் இறங்குவீர்கள். பெருங்கூடத்தைச் சுற்ற இன்னொரு 2 கிலோமீட்டர். முட்டிவலி உள்ளவர்கள் லிஃப்டிலேயே இறங்கலாம். ஆனால் லிஃப்ட் பழுதாகும் நாளும் உண்டு, கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். நுழையும் நேரத்தை ரிக்ரியேஷன்.கவ் (Recreation.gov) இணையதளத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். நுழைவுக் கட்டணம் அதில் சேராது, தனியாகச் செலுத்த வேண்டும்.