வீக்கம் வடிந்தும் வலி ஏன் போகவில்லை? முடக்குவாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலையில் எழுந்தால் கை விரல் மடங்குவதில்லை. அடிபம்பின் கைப்பிடி பிடிக்குள் நிற்பதில்லை. குடத்தின் கழுத்தை விரலால் பிடிக்க முடியாமல் முழங்கையை மாட்டித் தூக்க வேண்டியிருக்கிறது. வெயில் ஏறினால்தான் விரல் வழிக்கு வருகிறது. சென்னை காசிமேட்டில் மீன் வெட்டும் அக்காவைக் கேட்டால், "ஐஸ்லயே கை வெச்சு வாயு புடிச்சுக்கிச்சு" என்பார். எம்.சி. ரோடு துணிக்கடையில் நாள் முழுக்க நிற்பவரைக் கேட்டால் "தேய்மானம்" என்பார். இது முடக்குவாதமாக (ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ்) இருக்குமோ என்ற நினைப்பு வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடுகின்றன. மிகப் பெரிய தவறு இந்தத் தாமதம்தான் என்பேன், ஏனென்றால் மூட்டில் எலும்பு அரிபடுவது நோயின் ஆரம்ப காலத்திலேயே தொடங்கிவிடும்.

தேய்மான வலி பெரும்பாலும் வேலை செய்தால் கூடும், உட்கார்ந்தால் குறையும். காலை இறுக்கமும் அரை மணிக்குள் விட்டுவிடும். முடக்குவாதம் ஓய்வில் இறுகும். இரண்டு கைகளிலும் சின்ன மூட்டுகள் வீங்கும், இறுக்கம் ஒரு மணி நேரம்கூட நீளும். சிக்குன்குனியா வந்துபோனவர்களுக்கும் மாதக்கணக்கில் இப்படிப் பிடித்துக்கொள்வதுண்டு. 2006-ல் அது இங்கே பரவியபோது பட்டவர்களுக்குத் தெரியும். அதனால் சமீபத்தில் காய்ச்சல் வந்திருந்தால் மருத்துவரிடம் அதையும் சொல்லிவிடுங்கள்.

சரி, மூட்டுக்குள் என்ன நடக்கிறது? நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பு அணுக்கள் மூட்டின் உள்சவ்வையே தாக்குகின்றன. அங்கே டி.என்.எஃப்., இன்டர்லூகின்-6 போன்ற வேதிப்பொருட்கள் சுரக்கின்றன. குருத்தெலும்பில் வலி நரம்பு கிடையாது. சவ்விலும் மூட்டு உறையிலும் எலும்பிலும் உண்டு. அந்த வேதிப்பொருட்கள் இந்த நரம்பு முனைகளை நேரடியாகவே தூண்டிவிடுகின்றன. வழக்கமாக உறங்கிக் கிடக்கும் சில முனைகளும் விழித்துக்கொள்கின்றன. சுட்டுக்கொண்ட விரலில் வெதுவெதுப்பான தண்ணீர் பட்டாலே எரியுமே, அப்படி, வளையல் போடுவதும் சட்டைப் பொத்தான் மாட்டுவதும்கூட வலியாகிவிடுகிறது.

நரம்பும் சும்மா இருப்பதில்லை. சப்ஸ்டன்ஸ் பி, சி.ஜி.ஆர்.பி. என்ற பொருட்களைத் தன் முனையிலிருந்து மூட்டுக்குள் விடுகிறது. ரத்தக்குழாய் விரிகிறது, இன்னும் எதிர்ப்பு அணுக்கள் வந்து சேர்கின்றன, வீக்கம் கூடுகிறது. வீக்கம் வலியைக் கூட்ட, வலி நரம்பு வீக்கத்தைக் கூட்டுகிறது. 1962-ல் தாம்ப்சன், பைவாட்டர்ஸ் என்ற இரு மருத்துவர்கள் ஒரு வியப்பான விஷயத்தை எழுதினார்கள்: பக்கவாதத்துக்குப் பிறகு முடக்குவாதம் வந்தவர்களுக்கு, செயலிழந்த பக்கத்தில் இருந்த மூட்டுகள் தப்பித்திருந்தன. நரம்புக்கும் இந்த நோய்க்கும் உறவு இருக்கிறது என்று யோசிக்க வைத்த கவனிப்பு அது.

இதைப் புரிந்துகொண்டால் மற்ற தவறுகள் தானாகத் தெரியும். "எதிர்ப்பு சக்தி குறைஞ்சுபோச்சு" என்று இம்யூனிட்டி பூஸ்டர் பொடி வாங்கிக் குடிக்கிறார்கள். இங்கே எதிர்ப்பு சக்தி திசை மாறித் தாக்குகிறது, அதைக் கூட்டி என்ன ஆகப்போகிறது? மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையைக் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் போடுவது இன்னொன்று. அது புரோஸ்டாகிளாண்டின் என்ற ஒரு பொருளைக் குறைத்து நரம்பை அமைதிப்படுத்தும். டி.என்.எஃப். தன் வேலையைத் தொடரும், எலும்பு அரிபடும், வலி தெரியாததால் நமக்கும் தெரியாது. நடுவில் வயிறும் சிறுநீரகமும் கெடலாம். பெயர் ஒட்டாத பொட்டலத்தில் வரும் "உடனடி நிவாரண" பொடிகளை நம்பவே வேண்டாம். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும்.

நோயின் வேரில் வேலை செய்யும் மெத்தோட்ரெக்ஸேட் பலன் காட்ட 6 முதல் 12 வாரங்கள் ஆகும். பத்து நாளில் வலி குறையவில்லை என்று நிறுத்துபவர்களும் உண்டு, குறைந்துவிட்டது என்று நிறுத்துபவர்களும் உண்டு. இரண்டும் வேண்டாம். இந்த மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும்தான். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. மாத்திரை அட்டையிலேயே "திங்கள் மட்டும்" என்பதுபோல் மருத்துவர் சொன்ன கிழமையைப் பேனாவால் எழுதிவிடுங்கள். வீட்டில் வேறு யாராவது எடுத்துக் கொடுத்தாலும் குழப்பம் வராது.

எனக்கு மனம் பொறுக்காத தவறு ஒன்று உண்டு. சிகிச்சையில் வீக்கம் வடிந்து, அழற்சியைக் காட்டும் ரத்தச் சோதனைகளான இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. எல்லாம் சரியாக வந்த பிறகும் சிலருக்கு வலி இருக்கும். வீட்டில், "ரிப்போர்ட்ல ஒண்ணுமில்லையே, சும்மா சொல்றே" என்பார்கள். சும்மா இல்லை. மாதக்கணக்கில் வலிச் செய்தி வந்துகொண்டே இருந்தால் தண்டுவடத்து நரம்பு அணுக்களும், அவற்றைச் சுற்றியுள்ள மைக்ரோகிளியா என்ற எதிர்ப்பு அணுக்களும் உசுப்பேறிப்போகின்றன. மூட்டில் சண்டை ஓய்ந்தாலும் அங்கே ஓய நாள் பிடிக்கும். ஜெர்மனியில் எர்லாங்கன் ஆய்வாளர்கள் 2011-ல் இதன் மறுபக்கத்தைக் காட்டினார்கள். டி.என்.எஃப். தடுப்பு மருந்து கொடுத்த 24 மணி நேரத்தில், மூட்டு வீக்கம் குறையும் முன்பே, மூளையில் வலி சார்ந்த இயக்கம் தணிந்தது. வீக்கமும் வலியும் எப்போதும் ஒன்றாகவே ஏறி இறங்குவதில்லை.

இந்த மிச்ச வலிக்காக நீங்களே முடக்குவாத மருந்தின் அளவைக் கூட்டாதீர்கள். தூக்கம் கெட்டால் வலி கூடும் என்பதால் முதலில் தூக்கத்தைக் கவனியுங்கள். அசையாமல் படுத்தே இருந்தால் தசை மெலியும், மூட்டு இன்னும் இறுகும். வீக்கம் கொதிக்கும் நாளில் ஓய்வு கொடுங்கள், எண்ணெய் விட்டு அழுத்தி உருவாதீர்கள். தணிந்த நாட்களில் சாயங்காலம் கடற்கரைச் சாலையில் மெதுவாக நடக்கலாம்.

அப்புறம், 'வேகஸ் நரம்பு' கருவி என்று ஆன்லைனில் விற்பதை வாங்காதீர்கள். மூளையிலிருந்து இறங்கும் அந்த நரம்பு எதிர்ப்பு அணுக்களை அடக்கிவைக்கும் என்று அமெரிக்க மருத்துவர் கெவின் டிரேசி காட்டியது உண்மைதான். ஆனால் 2025-ல் அமெரிக்கா அனுமதித்தது கழுத்தில் அறுவை செய்து பொருத்தும் கருவி, அதுவும் மற்ற மருந்து பலிக்காத பெரியவர்களுக்கு. காதில் மாட்டும் கிளிப் வேறு.

சென்னை சென்ட்ரல் எதிரே இருக்கும் அரசு பொது மருத்துவமனையில் (ஜி.எச்.) மூட்டுவாத நோய்களுக்கென்றே தனித் துறை இருக்கிறது. போகும்போது ரத்த ரிப்போர்ட்டோடு, காலையில் விரல் மடங்க எத்தனை நிமிடம் ஆகிறது, ராத்திரி எத்தனை முறை விழிக்கிறீர்கள், வலி குத்துகிறதா எரிகிறதா, கடையில் வாங்கிய வலி மாத்திரை எத்தனை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வலி மூட்டிலிருந்து வருகிறதா, உசுப்பேறிய நரம்பிலிருந்தா என்று பிரித்துப் பார்க்க மருத்துவருக்கு அந்தத் தாள் உதவும்.